சேற்றிலிருந்து வைரத்துக்கு: கடற்கரைக் காந்தத் துகள்களைக் குவாண்டம் உணரியில் அளக்க ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் கடற்கரையோரக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே பகுதிநேர ஆய்வு செய்பவன் நான். தேவிபட்டினத்தை அடுத்த உளைச்சேற்றில் வாழும் ஒருவகைப் பாக்டீரியா, தன் உடலுக்குள்ளேயே மேக்னடைட் என்ற காந்த இரும்புத் தாதின் மணிகளைச் சரம்போல் கோத்து வைத்திருக்கிறது. அந்தச் சரங்களை வைரத்தால் ஆன குவாண்டம் உணரியின் மேல் வைத்து அளப்பதற்கு எனக்குப் பதினான்கு மாதங்கள் பிடித்தன. அவற்றில் உருப்படியான அளவீடு நடந்தது இரண்டரை நாள்தான். மற்ற நாள்களெல்லாம் தவறான இடத்துக்கு எழுதிய கடிதங்களிலும், முழுமையில்லை என்று திரும்பி வந்த படிவங்களிலும், எல்லாவற்றுக்கும் மேலாக உப்பிலும் போயின. இதே கரையில் இருந்துகொண்டு இதே வேலையில் இறங்க நினைக்கும் முதுகலை மாணவர்களும் ஆய்வாளர்களும் அந்த நாள்களை மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதால் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இந்த அளவீட்டின் வெற்றியும் தோல்வியும் வைரத்தின் மேற்பரப்புக்கும் உங்கள் துகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் இருக்கின்றன. லேசரும் நுண்ணலையும் கேமராவும் உணரியை வைத்திருக்கும் ஆய்வகத்தாரின் பொறுப்பு. இடைவெளி உங்கள் பொறுப்பு.

1. கருவி எதை அளக்கிறது என்பதைக் கணக்கோடு தெரிந்துகொள்ளுங்கள்

வைரப் படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதன் பக்கத்து இடம் காலியாக இருந்தால், அந்த இணைக்கு நைட்ரஜன்-வெற்றிட மையம் என்று பெயர். ஆய்வகங்களில் என்.வி. மையம் என்றே சொல்வார்கள். 532 நானோமீட்டர் பச்சை லேசர் பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அதோடு 2.87 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையையும் செலுத்தினால் அந்தச் சிவப்பு சற்று மங்கும். காந்தப்புலம் இருக்கும்போது இந்த மங்கல் ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் இரண்டாகப் பிரிந்து, மையத்தின் அச்சுத் திசையில் உள்ள புலத்தின் ஒவ்வொரு மைக்ரோடெஸ்லாவுக்கும் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) 28 கிலோஹெர்ட்ஸ் வீதம் இருபுறமும் விலகுகிறது. நம் பகுதியில் பூமியின் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அது அச்சோடு ஒத்துப்போனால், அது மட்டுமே இரண்டு மங்கல்களையும் 2.2 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்துவிடும். கேமராவின் ஒவ்வொரு புள்ளியிலும் இந்த விலகலைக் கணக்கிட்டு வரைபடமாக்கினால் அதுவே காந்தப் படம். 2013இல் உயிருள்ள காந்தப் பாக்டீரியாக்களையே 400 நானோமீட்டர் பிரிதிறனில் இம்முறையில் படமெடுத்துவிட்டார்கள் என்பதால், இது முடியுமா என்ற ஐயம் உங்களுக்கு வேண்டியதில்லை.

கணக்கு போட வேண்டியது வேறு இடத்தில். 50 நானோமீட்டர் பக்கமுள்ள ஒரு மேக்னடைட் கனசதுரத்தை எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 1 மைக்ரோமீட்டர் தொலைவில் அதன் அச்சு வழியாக அளந்தால் சுமார் 12 மைக்ரோடெஸ்லா கிடைக்கும். 2 மைக்ரோமீட்டருக்குத் தள்ளிப் போனால் அது 1.5 ஆகிவிடும். 10 மைக்ரோமீட்டரில் 12 நானோடெஸ்லாதான் மிஞ்சும். தொலைவின் மும்மடிக்கு நேர்மாறாகக் குறைகிறது என்று பாடத்தில் எத்தனையோ முறை எழுதிப்போட்டிருக்கிறேன். ஒரு உப்புப் படிகத்தின் உயரம் என் ஓராண்டு உழைப்பை விழுங்கியபோதுதான் அந்த மும்மடி எனக்கு உறைத்தது.

துகளின் பருமனும் முக்கியம். மேக்னடைட் ஏறத்தாழ 25 நானோமீட்டருக்குக் கீழே போனால் அறை வெப்பநிலையில் தன் காந்தத்திசையை நிலையாக வைத்திருக்காது. வெளியிலிருந்து புலம் கொடுத்தால் மட்டுமே தெரியும். பாக்டீரியா மணிகள் பெரும்பாலும் 35 முதல் 120 நானோமீட்டர் வரை இருப்பதால், புதிதாகத் தொடங்குபவருக்கு அவை நல்ல மாதிரி.

2. எங்கே அள்ளலாம், எங்கே அள்ளக் கூடாது

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கும். அங்கே ஒரு கைப்பிடிச் சேறு எடுப்பதற்கும் வனத்துறையின் எழுத்துமூலமான அனுமதி வேண்டும். ஆய்வுக்குத்தானே என்று இரண்டு பவளத்துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வருவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். காரங்காட்டுச் சதுப்புநிலக் காடும், பறவைச் சரணாலயங்களாக உள்ள கண்மாய்களும் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. பூங்காவுக்குள்தான் எடுக்க வேண்டும் என்ற அறிவியல் காரணம் இல்லாதவரை அந்தப் பக்கமே போகாதீர்கள். பாக் விரிகுடாப் பக்கம் வனத்துறையின் எல்லைக்கு வெளியே போதுமான உளை கிடைக்கிறது.

அனுமதி தேவைப்படாத கரையிலும் இரண்டு தாள்களைக் கையில் வைத்திருங்கள்: கல்லூரி அடையாள அட்டை; எந்தத் தேதியில், எந்தக் கரையில், எதற்காக, எவ்வளவு சேறு என்று குறிப்பிட்டுத் துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம். எல்லைக் கடல் இது. விடியற்காலையில் காந்தமும் குவளையுமாகக் கரையில் குந்தியிருப்பவரைக் கடலோரக் காவலர்கள் விசாரிப்பது இயல்பு. கடிதம் இருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

படகுத்துறையை ஒட்டிய சேற்றைத் தவிருங்கள். பட்டறையில் தேய்த்த இரும்புத்தூளும், எஞ்சின் துருவும், கரியோடு கலந்த காந்த உருண்டைகளும் அங்கே மண்டிக் கிடக்கும். அச்சில் வார்த்ததுபோல் உருண்டையாக இருக்கும் துகளைக் கண்டால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் ஏதோ ஓர் உலையில் உருகி உறைந்ததாக இருக்கும். என் முதல் குவளையில் காந்தத்தை வைத்தவுடன் கறுப்பாக ஒட்டிக்கொண்டதைக் கண்டு மகிழ்ந்தேன். நுண்ணோக்கியில் பார்த்தால் எல்லாம் துரு.

3. எப்போது, எதைக் கொண்டு அள்ளுவது

வாடை வீசும் மாதங்களில் வடக்குக் கரை கலங்கிக் கிடக்கும். கச்சான் காற்று வீசும்போது தெற்குக் கரை கொந்தளிக்கும். வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்று இராமேசுவரத்தார் பிரித்துச் சொல்வதை ஆய்வுக்குறிப்பில் எழுத முடியாது என்றாலும், நாள் குறிப்பதற்கு அந்தப் பிரிவினை போதும். எனக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை பாக் விரிகுடாக் கரை வசதியாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரில் இருப்பார்கள். எந்த இடத்தில் உளை கறுத்து நாறும், எங்கே கால் புதையும் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்பவர் யாரும் இல்லை. ஓதத்தின் ஏற்ற இறக்கம் இங்கே ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், வற்றம் பார்த்து முழங்கால் நீரில் இறங்கினாலே போதும்.

மண்வெட்டி, கரண்டி எதுவும் இரும்பாக இருக்கக் கூடாது. வாய் அகன்ற பிளாஸ்டிக் குவளைகள் நான்கு, மரக்கரண்டி, கையுறை ஆகியவை போதும். சேற்றின் மேல் ஐந்து சென்டிமீட்டரை மட்டும் வழித்து, குவளையில் மூன்றில் இரண்டு பங்கு சேறும் ஒரு பங்கு அதே இடத்துக் கடல்நீரும் இருக்கும்படி நிரப்புங்கள். இடம், நாள், நேரம், நீரின் உப்புத்தன்மை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். பேனா மை உப்புக்காற்றில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

4. குவளையும் காந்தமும்

மூடியைத் தளர்வாக வைத்து, வெயில் படாத மூலையில் குவளைகளை மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரை அசைக்காமல் விடுங்கள். காற்றோட்டம் உள்ள நீருக்கும் காற்றே இல்லாத சேற்றுக்கும் இடைப்பட்ட மெல்லிய அடுக்கில்தான் இந்தப் பாக்டீரியாக்கள் சேர்கின்றன. பிறகு சேற்றின் மேல்மட்டத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் குவளையின் வெளிச்சுவரோடு காந்தத்தைச் சேர்த்து வைத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்து, அங்கே கூடியிருப்பதைச் சொட்டுக்குழாயால் உறிஞ்சுங்கள்.

இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. வட அரைக்கோளத்துக் காந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வடக்கு நாடிகள், அதாவது புலத்தின் வடக்குத் திசையில் நீந்துபவை, என்பதால், ஒரு முனையை மட்டும் வைத்தால் போதும் என்று செய்முறைக் குறிப்புகளில் இருக்கும். ஆனால் பூமியின் காந்த நடுக்கோடு நம் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. இங்கே புலம் ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கிறது. பிரேசிலின் ஃபோர்டலேசாவுக்கு அருகே, அதே நடுக்கோட்டை ஒட்டிய சேற்றில் வடக்கு நாடிகளும் தெற்கு நாடிகளும் ஏறத்தாழச் சமமாக இருந்ததை 1981இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே குவளையின் ஒரு பக்கம் வடமுனையும் எதிர்ப்பக்கம் தென்முனையும் உள்நோக்கி இருக்குமாறு இரண்டு காந்தங்களை வையுங்கள். இதை அறியாமல் நான் ஒரு பக்கத்தை மட்டும் உறிஞ்சி, மாதிரி போதவில்லை என்று மூன்று வாரம் திண்டாடினேன்.

உறிஞ்சிய நீரில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பக்கத்தில் காந்தத்தைப் பிடித்து, கல்லூரியில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியில் பாருங்கள். துளியின் ஒரு விளிம்புக்கு நீந்திச் சென்று கூடியவை, காந்தத்தைத் திருப்பியதும் எதிர்விளிம்புக்கு நீந்தினால் அவை பாக்டீரியா. காந்தம் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதை நோக்கியே இழுபட்டு வருபவை வெறும் துகள். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

5. உப்பைக் கழுவுதல்

நான் அதிக நேரம் செலவிடச் சொல்லும் படி இதுதான்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐந்து மைக்ரோலிட்டர் துளி ஒன்றை 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் வைரத்தின் மேல் உலரவிட்டால், அந்தத் துளியிலிருந்த உப்பு சராசரியாக 20 மைக்ரோமீட்டர் தடிப்புக்குப் படியும். மேலே சொன்ன கணக்கை இதோடு பொருத்திப் பாருங்கள்: உங்கள் பாக்டீரியா அந்த உப்பு மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தால், வைரத்துக்கு அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

சரி, நல்ல தண்ணீரில் கழுவிவிடலாமே என்று தோன்றும். கடல்நீரில் வாழ்ந்த உயிரணுவைத் திடீரென்று காய்ச்சி வடித்த நீரில் போட்டால் நீரை உறிஞ்சி வெடித்து, உள்ளிருந்த மணிச்சரம் சிதறி ஒன்றோடொன்று கட்டிபட்டுவிடும். முதலில் குளூட்டரால்டிஹைடில் உயிரணுவை நிலைப்படுத்த வேண்டும். நான் இறுதிச் செறிவு 2.5 சதவீதமாக வைத்தேன். நச்சு ஆவியை வெளியேற்றும் புகைபோக்கிப் பெட்டிக்குள், கையுறையோடு மட்டுமே செய்யுங்கள்; விலங்கியல் துறைச் செய்முறை அறைகளில் இந்த வசதி இருக்கும். அதன் பிறகு, கடல்நீரின் உப்புத்தன்மைக்கு நெருக்கமான அம்மோனியம் அசிடேட் கரைசலால் கழுவத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் செறிவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். அம்மோனியம் அசிடேட் உலரும்போது ஆவியாகிப் போய்விடுவதால் படிகத்தை விட்டுவைப்பதில்லை. ஒவ்வொரு கழுவலுக்குப் பின்னும் மேலே தெளிந்த நீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விடுங்கள். பால்போல் வெளுத்தால் உப்பு இன்னும் இருக்கிறது. எனக்கு ஆறாவது கழுவலில்தான் தெளிந்தது.

இந்தச் சொட்டுச் சோதனையைச் செய்யாமல் நான் முதல்முறை பட்டது இது. மூன்று கழுவலோடு நிறுத்திவிட்டுச் சிலிக்கான் தகட்டில் உலர்த்தினேன். எங்கள் ஊரிலேயே நுண்ணோக்கியில் பார்த்தபோது மாதிரி வழவழப்பாக, படிகம் எதுவும் இல்லாமல் இருந்தது. நம்பி எடுத்துக்கொண்டு ஓர் இரவும் பகலும் பயணம் செய்து ஆய்வகம் சேர்ந்தேன். குளிரூட்டப்பட்ட அறையில் பெட்டியைத் திறந்த ஒரு மணி நேரத்தில், தகடு முழுவதும் கட்டங்கட்டமாக உப்பு பூத்துவிட்டது. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அதற்குக் கீழே வந்தால் மறுபடியும் படிகமாகும். நம் கரையில் உப்பு ஒளிந்திருந்தது. அங்கே போய் வெளிப்பட்டது. மூன்று நாள் அளவீட்டில் பூமியின் புலத்தைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

எனவே கழுவி முடித்த மாதிரியைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய காற்றுப்புகாப் பெட்டியில் இரண்டு நாள் வைத்து, முழுக்க உலர்ந்த பிறகு நுண்ணோக்கியில் பாருங்கள். ஊர்க்காற்றில் பார்த்தது கணக்கில் சேராது.

துளியின் அளவிலும் கவனம் வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் போதும். பெரிய துளி உலரும்போது உள்ளே இருப்பதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளி, தேநீர்க் குவளை வைத்த இடத்தில் விழும் கறைபோல் வளையமாக்கிவிடும். உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று குறைந்தது ஐந்து மைக்ரோமீட்டர் தள்ளி இருக்குமளவுக்கு நீர்த்துக்கொள்ளுங்கள். அடர்த்தியாக இருந்தால் எந்தப் புலம் எதிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. தகட்டை எஃகு இடுக்கியால் பிடிக்காதீர்கள். அதன் முனை உரசிய இடத்தில் உதிரும் எஃகுத்துகள் உங்கள் பாக்டீரியாவைவிடப் பல மடங்கு பெரிய காந்தம்.

6. போவதற்கு முன் எடுக்க வேண்டிய அளவீடுகள்

வைர உணரி உள்ள ஆய்வகம் முதலில் கேட்பது, உங்கள் மாதிரியில் காந்தப்பொருள் இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதைத்தான். நம் மாவட்டத்துக்கு வசதியான இடம் காரைக்குடி. பல்கலைக்கழகமும் மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வகமும் அங்கே இருக்கின்றன. மின்னணு நுண்ணோக்கிப் படம் இரண்டு, உலர்ந்த சேற்றின் காந்தமாக்கல் வளைவு (வெளிப்புலம் மாறும்போது மாதிரி எவ்வளவு காந்தமாகிறது என்று காட்டும் வரைபடம்) ஒன்று ஆகியவை போதும். காந்தமாக்கல் வளைவுக்குக் கொண்டுபோகும் சேற்றை உயர் வெப்பத்தில் உலர்த்தாதீர்கள். மேக்னடைட் காற்றில் சூடேறினால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேறொரு பொருளாகிவிடும். நாற்பது டிகிரியில் மெதுவாக உலர்த்துங்கள். கறுப்புச் சேற்றில் கிரைகைட் என்ற இரும்புச் சல்பைடும் இருக்கக்கூடும். அது காற்றுபட்டால் கெட்டுவிடும் என்பதால், சேற்றின் ஒரு பகுதியை ஈரத்தோடு, குளிர்பெட்டியில், குவளை நிறைய அடைத்து வையுங்கள்.

கல்லூரியிலேயே கருவியைக் கட்டிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரே ஓர் எச்சரிக்கை. மலிவான பச்சை லேசர்களில் பச்சையோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் கசியும். பச்சைக்கு மட்டுமான கண்ணாடி அதைத் தடுக்காது. தக்க பாதுகாப்பு இல்லாமல் அந்த முயற்சி வேண்டாம்.

7. யாருக்கு எழுதுவது, என்னென்ன தாள்கள்

2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த தேசிய குவாண்டம் இயக்கத்தின் கீழ் நான்கு மையங்கள் அமைந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் இருப்பது குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம். உணர்தலுக்கும் அளவியலுக்கும் உரியது மும்பை ஐ.ஐ.டி.யில் இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறதே என்று துறை பார்க்காமல் எழுதி நான் ஒன்றரை மாதத்தை இழந்தேன். ஆய்வுக்கருவிகளைப் பகிர்ந்துகொள்வதற்கான மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் கணக்கு தொடங்கினால், அதில் பதிவு செய்துள்ள நிறுவனங்களின் கருவிகளையும் கட்டணத்தையும் பார்த்து விண்ணப்பிக்கலாம். ஆனால் வைர நுண்ணோக்கி பெரும்பாலும் ஆய்வுக்குழுவின் சொந்தக் கருவியாக இருப்பதால், குழுத்தலைவருக்கு நேரடியாக எழுதுவதே பலன் தரும்.

கடிதம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அவர்கள் தேடிப் படிப்பது நான்கு விவரங்களை: மாதிரி எதன்மேல் இருக்கிறது, எவ்வளவு தடிப்பு, எத்தனை மைக்ரோடெஸ்லா எதிர்பார்க்கிறீர்கள், எவ்வளவு பரப்பைப் படமெடுக்க வேண்டும். முதல் கடிதத்தில் நான் பாக்டீரியாவின் பெருமையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன், பதில் வரவில்லை. இரண்டாவது கடிதத்தில் மேலே உள்ள 12 மைக்ரோடெஸ்லா கணக்கை முதல் பத்தியிலேயே வைத்தேன். எட்டாம் நாள் பதில் வந்தது.

அதோடு இணைக்க வேண்டியவை: நெறியாளரும் துறைத்தலைவரும் ஒப்பமிட்ட பரிந்துரைக் கடிதம், மாதிரியில் உயிருள்ள எதுவும் இல்லை என்றும் எந்த வேதிப்பொருளால் நிலைப்படுத்தப்பட்டது என்றும் கூறும் உறுதிமொழி, காரைக்குடி அளவீடுகளின் நகல், சேகரித்த இடமும் நாளும் அடங்கிய குறிப்பு. மாதிரியை வைரத்தின்மேல் நேராக இட அனுமதிப்பார்களா, அல்லது சிலிக்கான் தகட்டில் உலர்த்தி அதைக் கவிழ்த்து வைக்கச் சொல்வார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டைக் கவிழ்த்து வைக்கும்போது நடுவே ஒரு தூசி சிக்கினாலும் ஐந்து மைக்ரோமீட்டர் இடைவெளி வந்துவிடும் என்பதால், நேராக இடுவதற்கு முடிந்தவரை வாதாடுங்கள். வைரத்தைக் கழுவும் செலவை ஏற்பதாகச் சொன்னதும் எனக்கு ஒப்புக்கொண்டார்கள்.

வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், உயிரியல் பொருள் என்பதால், சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறைகளை முதலில் முடிக்க வேண்டும்.

8. பணம்

என் கணக்கு நோட்டில் உள்ளபடி எழுதுகிறேன். ஆய்வகத்துக்கு ஆய்வகம் கட்டணம் மாறும். சேகரிப்புக்குக் குவளை, கையுறை, பேருந்துச் செலவு எல்லாம் சேர்த்து 640 ரூபாய். நியோடிமியம் காந்தங்கள் இரண்டு 300. அம்மோனியம் அசிடேட் 450. மற்ற வேதிப்பொருள்கள் கல்லூரியில் இரவல். மின்னணு நுண்ணோக்கிக்கு வரியோடு 2,360. காந்தமாக்கல் வளைவு மூன்று மாதிரிக்கு வரியோடு 5,310. வைர நுண்ணோக்கிக்கு நாளுக்கு 3,000 வீதம் மூன்று நாளும் 18 சதவீத வரியும் சேர்த்து 10,620. பயணமும் தங்குமிடமும் 6,800. ஆக 26,480. உப்பு பூத்த முதல் பயணத்துக்கு 17,420 தனி.

பணத்தைக் கட்டுவதற்கு முன் முன்விலைப்பட்டியல் வாங்கி, அதில் கல்லூரியின் பெயரும் வரி எண்ணும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். உங்கள் பெயரில் ரசீது வந்துவிட்டால், திட்ட நிதியிலிருந்து அந்தத் தொகையைத் திரும்பப் பெறுவதற்குள் தலைமுடி நரைத்துவிடும். திட்டத்தில் பயணம் என்ற தலைப்பு தனியாக இல்லாவிட்டால் இரயில் செலவு கைக்காசுதான். மாணவர்கள் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். அறிவிப்பு வரும் தேதியைத் துறை அலுவலகத்தில் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

9. பயணம்

மாதிரியைக் கூரியரில் அனுப்பாதீர்கள். கையில் எடுத்துச் செல்லுங்கள். சிலிக்கா ஜெல்லோடு கூடிய பெட்டியைச் செல்பேசியோடும் காந்தப் பூட்டுள்ள பைகளோடும் சேர்த்து வைக்க வேண்டாம். ஒரே மாதிரியில் மூன்று தகடுகளை எடுத்துப் போங்கள். துகளே இல்லாத, ஆனால் அதே கழுவலுக்கு உட்பட்ட வெறும் தகடு ஒன்றும் வேண்டும். பிறகு ஐயம் எழும்போது அந்த வெறும் தகடுதான் சாட்சி.

10. அளவீட்டு நாளில்

முதல் அரை நாள் எதையும் அளக்காமல், மாதிரி இல்லாத வைரத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள். படிகத்தின் உள் இறுக்கமும் லேசர் ஒளியின் ஏற்றத்தாழ்வும் அதில் தெரியும்.

இரண்டு மங்கல்களையும் அளப்பார்களா, ஒன்றை மட்டுமா என்று கேளுங்கள். வைரம் ஒரு டிகிரி சூடானால் 2.87 கிகாஹெர்ட்ஸ் என்ற அந்த நடுப்புள்ளியே 74 கிலோஹெர்ட்ஸ் கீழே இறங்கும். ஒன்றை மட்டும் அளந்தால் அந்த ஒரு டிகிரி 2.6 மைக்ரோடெஸ்லாக் காந்தப்புலம்போல வேடமிடும். இரண்டையும் அளந்து வித்தியாசத்தை எடுத்தால் வெப்பம் கழிந்துவிடும். நேரம் இரட்டிப்பாகும் என்று தயங்குவார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஒரே இடத்தை வெளிப்புலத்தின் திசையைத் திருப்பி இருமுறை படமெடுங்கள். புலத்தோடு சேர்ந்து திரும்புவது தூண்டப்பட்ட காந்தம். திரும்பாமல் நிற்பது துகளின் சொந்தக் காந்தம். வைரத்தில் என்.வி. மையங்கள் நான்கு திசைகளில் சாய்ந்திருப்பதால், எந்தத் திசையின் தரவு உங்களுக்குத் தரப்படுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒளியில் எடுத்த படம் ஒவ்வொரு காந்தப் படத்துக்கும் இணையாக வேண்டும். அது இல்லாமல் எந்தப் புள்ளி பாக்டீரியா, எது தூசி என்று வீட்டுக்கு வந்த பிறகு சொல்ல முடியாது.

தரவை மூல வடிவிலேயே கேளுங்கள். 512க்கு 512 புள்ளிகள், 200 அதிர்வெண்கள் என்றால் ஒரு தொகுதியே நூறு மெகாபைட்டைத் தாண்டும். காலியான வன்தட்டு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். மின்னஞ்சலில் பிறகு அனுப்புகிறோம் என்ற பேச்சை நம்பி ஒரு நண்பர் நான்கு மாதம் காத்திருந்தார்.

11. திரும்பி வந்த பிறகு

படத்தில் ஒரு பக்கம் நேர்க்குறியும் மறுபக்கம் எதிர்க்குறியுமாக இரட்டைப் புள்ளி தெரிந்தால், அதை ஓர் இருமுனையாக, அதாவது வட, தென் முனைகள் கொண்ட சிறு காந்தமாகக் கொண்டு, துகளின் காந்த வலிமையான திருப்புத்திறனைக் கணக்கிடுவீர்கள். அங்கேயும் இடைவெளி வந்து நிற்கும். தொலைவை 20 சதவீதம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் திருப்புத்திறன் 73 சதவீதம் கூடுதலாக வந்துவிடும். ஆய்வகத்தார் சொன்ன தொலைவை அப்படியே போடாமல், தனித்து நிற்கும் ஐந்தாறு துகள்களின் புள்ளி அகலத்திலிருந்து தொலைவை நீங்களே மீட்டெடுங்கள். புள்ளி எவ்வளவு அகலமோ அவ்வளவு தொலைவில் துகள் இருக்கிறது. எனக்கு அப்படி வந்த தொலைவு 1.3 மைக்ரோமீட்டர், படிவத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்தது 0.5. தரவை வாங்கியவுடன் இந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு, அதன் பிறகு வரைபடங்களை அழகுபடுத்த உட்காருங்கள்.

திட்ட நிதி எப்படிச் செலவானது என்று காட்டும் பயனீட்டுச் சான்றிதழை அந்த நிதியாண்டு முடிவதற்குள், மார்ச் 31க்கு முன்பே, கல்லூரி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் விட்டுவந்த குவளைகளைக் கொட்டிவிட வேண்டாம். மறுஅளவீடு தேவைப்பட்டால் அதே சேறுதான் வேண்டும். என் குவளை ஒன்று பதினோரு மாதங்களுக்குப் பிறகும் பாக்டீரியா தந்தது. கோடையில் நீர்மட்டம் இறங்கும்போது காய்ச்சி வடித்த நீரை ஊற்றிப் பழைய கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆவியாகிப் போனது நீர் மட்டுமே என்பதால், கடல்நீரை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் குவளையில் உப்பு கூடிக்கொண்டே போகும்.